எச்-1பி விசாவில் இருப்பவர் டெக்சாஸில் துப்பாக்கி வாங்கலாமா?

கேள்வி: டாலஸ் புறநகரில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். மனைவிக்கு எச்-4 விசா, இரண்டு குழந்தைகள். ஆலன் நகர வணிக வளாகத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, கூட்டமான இடம் என்றாலே மனைவி வர மறுக்கிறார். “டெக்சாஸில் உரிமமே தேவையில்லை, ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள். வேண்டுமானால் என் பெயரில் வாங்கித் தருகிறேன்” என்கிறார் உடன் வேலை செய்யும் அமெரிக்க நண்பர். வாங்கலாமா? இத்தனை பேர் செத்தும் சட்டம் ஏன் மாறவில்லை? இதெல்லாம் மனநோயாளிகளின் வேலைதானா?

பதில்: வாங்காதீர்கள். நண்பர் பெயரில் வாங்குவது இன்னும் மோசம்.

நண்பர் சொல்வது பாதி உண்மை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியுடன் வெளியே போகலாம். ஆனால், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ளவருக்கு மட்டுமே அந்தச் சலுகை. அந்தத் தகுதியை மாநிலச் சட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை; அமெரிக்க மத்திய அரசின் சட்டமும் உண்டு. குடியேற்றம் அல்லாத, அதாவது தற்காலிகமாகத் தங்குவதற்கான விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அது தடை செய்கிறது. எச்-1பி, எச்-4, மாணவர் விசா எல்லாம் இதில் அடக்கம். மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை. கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை இல்லை.

விதிவிலக்குகளில் ஒன்று, செல்லத்தக்க வேட்டை உரிமம். “சில டாலர் கட்டி அதை வாங்கிவிடு, தீர்ந்தது” என்று இனி யாராவது யோசனை சொல்வார்கள். சட்டத்தில் அந்த வழி இருப்பது உண்மைதான். ஆனாலும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் இறங்காதீர்கள். துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், பின்னாளில் கிரீன் கார்டு கிடைத்திருந்தாலும் நாடு கடத்த அது ஒன்றே போதும்.

பயிற்சிக் கூடத்தில் வாடகைத் துப்பாக்கியால் நாலு தடவை சுட்டுப் பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். ஃபுளோரிடாவில் படிப்பில் தேறாமல் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டு, மாணவர் விசா தகுதியையும் இழந்த ஒரு வெளிநாட்டு இளைஞர் அப்படித்தான் சுடும் கூடத்துக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2019இல் தீர்ப்பான ரெஹைஃப் வழக்கு அதுதான். தனக்குத் தகுதியில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபித்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். இதைப் படித்துவிட்ட உங்களுக்கு அந்த வாதமும் கிடையாது.

நண்பர் விஷயத்துக்கு வருவோம். கடையில் துப்பாக்கி வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். ‘உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?’ என்பது அதில் ஒரு கேள்வி. உங்களுக்காக வாங்கிக்கொண்டு ‘ஆம்’ என்று எழுதினால் அந்த ஒரு சொல்லே குற்றம். பிறருக்காகப் பெயர் கொடுத்து வாங்குவதை 2022இல் வந்த சட்டம் தனிக் குற்றமாக்கி, அதற்கும் 15 ஆண்டுகள் வரை சிறை வைத்தது. நல்ல மனிதரை ஏன் வம்பில் மாட்டிவிட வேண்டும்?

இத்தனை கெடுபிடி இருந்தும் கொலைகாரர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது? பெரும்பாலும் சட்டப்படியே கிடைக்கிறது. ஆலனில் 2023 மே 6 அன்று எட்டுப் பேரைக் கொன்றவன், பல ஆண்டுகளுக்கு முன் ராணுவப் பயிற்சியின் தொடக்கத்திலேயே மனநலக் காரணங்களால் வெளியேற்றப்பட்டவன். அந்த வகை வெளியேற்றம் துப்பாக்கி வாங்கத் தடையாகாது. அவனிடம் இருந்த எட்டுத் துப்பாக்கிகளும் முறைப்படி வாங்கியவை. டெக்சாஸின் யூவால்டி நகரப் பள்ளியில் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது நிரம்பிய சில நாட்களில் கடையில் வாங்கினான். கடையில் துப்பாக்கி விற்குமுன் வாங்குபவரைப் பற்றி நடத்தும் பின்னணிச் சோதனை தேடுவது பழைய தண்டனைகளையும் நீதிமன்ற ஆணைகளையும்தான். இன்று ஒருவன் மனத்தில் என்ன கொதிக்கிறது என்பது அந்தக் கணினிக்குத் தெரியாது.

பதிவில் இருக்க வேண்டியதே இல்லாமல் போனதும் உண்டு. 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கோபிச்செட்டிபாளையம் பகுதியைச் சேர்ந்த நீரியல் பேராசிரியர் லோகநாதன். வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். சுட்ட மாணவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005இலேயே நீதிமன்றம் சொல்லி, சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தது. அந்த உத்தரவு தேசியப் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை. சோதனையில் தேறி இரண்டு கைத்துப்பாக்கிகள் வாங்கினான்.

மனநோய் என்று மட்டும் சொல்லி முடிப்பதை நான் ஏற்பதில்லை. மனநோய் எல்லா நாட்டிலும் இருக்கிறது. 33 கோடிப் பேருக்கு ஏறத்தாழ 39 கோடித் துப்பாக்கிகள் என்ற கணக்கு அங்கு மட்டும்தான். சுடுபவர்களில் பலர் வேலை, குடும்பம், அவமானம், வெறுப்பு அரசியல் என்று ஏதோ நெருக்கடியில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆயுதம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பலர் முன்கூட்டியே யாரிடமாவது சொல்லியும் விடுகிறார்கள். அப்படிப்பட்டவரின் துப்பாக்கியை நீதிமன்ற உத்தரவால் தற்காலிகமாகப் பறிக்க இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் சட்டம் உண்டு. டெக்சாஸில் இல்லை. நாடு முழுவதற்குமான சட்டம் என்றால் நூறு பேர் கொண்ட மேலவையான செனட்டில் 60 வாக்கு வேண்டும். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் இறந்த பிறகும், 2013இல் பின்னணிச் சோதனையை விரிவாக்கும் யோசனைக்கு 54 வாக்குதான் கிடைத்தது. போதாததற்கு, ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இலும், அதைப் பொது இடத்துக்கு எடுத்துச் செல்வதும் உரிமை என்று 2022இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் மனைவியின் அச்சம் புரிகிறது. ஆனால் 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த சுமார் 48,000 பேரில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். வணிக வளாகம், பள்ளி போன்ற இடங்களில் நடக்கும் கூட்டக்கொலைகள் அந்த எண்ணிக்கையில் மிகச் சிறிய பங்கு. வீட்டில் துப்பாக்கி வந்தால் ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குழந்தைகள் விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, எப்படி வைத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். கூச்சம் வேண்டாம், அங்குள்ள குழந்தைநல மருத்துவர்களே கேட்கச் சொல்கிறார்கள். சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குட்பட்டவர் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சாஸிலும் குற்றம்தான். பெட்டகத்தில் பூட்டி, தோட்டாவைத் தனியே வைத்திருக்கிறோம் என்ற பதில் வந்தால் அனுப்புங்கள். மழுப்பினால், அவர்கள் வீட்டுக் குழந்தையை உங்கள் வீட்டுக்கு விளையாட அழைத்துவிடுங்கள்.