‘ஸ்லாப் டேங்க்’ என்பது கழிவுநீர்த் தொட்டியா?

கேள்வி: எண்ணெய்க் கப்பல் பணியாளர்களுக்கான பாதுகாப்புக் கையேட்டைத் தமிழாக்கம் செய்கிறேன். அகராதியைப் பார்த்து ‘ஸ்லாப் டேங்க்’ (slop tank) என்பதைக் ‘கழிவுநீர்த் தொட்டி’ என்று எழுதினேன். ‘ஸ்லாப் செஸ்ட்’ என்றும் ஓரிடத்தில் வருகிறது. இதற்கும் அதே பொருள்தானா?

பதில்: இல்லை. முதலில் அந்தக் ‘கழிவுநீர்த் தொட்டி’யை மாற்றிவிடுங்கள். கப்பலில் கழிப்பறைக் கழிவுக்கு வேறு தொட்டி உண்டு. படிக்கிறவர் அதைத்தான் நினைப்பார். ஸ்லாப் டேங்கில் சேர்வது சரக்குத் தொட்டிகளைக் கழுவிய, எண்ணெய் கலந்த நீர். அதிலிருந்து கிளம்பும் ஆவி தீப்பிடிக்கக்கூடியது. சாக்கடை நீர் என்று எண்ணி ஒருவர் அதன் மூடியருகே அசட்டையாக நின்றால் உயிருக்கே ஆபத்து. அசையாமல் தங்கவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், நீர் அடியில் தங்கும். அந்த அடிநீரையும் நினைத்த இடத்தில் கடலில் விட முடியாது. கரையிலிருந்து 50 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு கடல் மைலுக்கு 30 லிட்டர் எண்ணெய்க்கு மிகாமல்தான் வெளியேற்றலாம் என்கிறது, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச ‘மார்ப்போல்’ உடன்படிக்கை. ஆகவே ‘எண்ணெய்க் கழுவுநீர்த் தொட்டி’ என்று எழுதி, ‘ஸ்லாப் டேங்க்’ என்பதையும் உடன் சேருங்கள். கப்பலில் எழுதியிருப்பது ஆங்கிலப் பெயர்தானே! வெறும் ‘ஸ்லாப்’ என்று மட்டும் எழுதினால் நம்மவர்களுக்குக் கான்கிரீட் பலகைதான் நினைவுக்கு வரும்.

‘ஸ்லாப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சிந்துதல் என்றும் பொருள் உண்டு. ஆனால் ஸ்லாப் செஸ்ட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இங்கே வரும் ‘ஸ்லாப்’ தளர்வான உடையைக் குறித்த வேறொரு பழஞ்சொல். மாலுமிகளுக்குக் கப்பலிலேயே துணி விற்ற வழக்கத்திலிருந்து வந்தது. இன்று அங்கே சோப்பு, சிகரெட், தின்பண்டம் கிடைக்கும். ‘கப்பல் கடை’ என்றால் போதும்.

சிந்துவதைக் குறிக்கும் ‘ஸ்லாப்’ வினையாக வந்தால் ‘சிந்துதல்’ மட்டும் போதாது. நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஏணிப்படி ஏறும்போது நீர் அலைந்து விளிம்பைத் தாண்டுகிறதே, அது ‘தளும்பிச் சிந்துதல்’. வழுக்கி விழுவதைப் பற்றிய பகுதியில் இந்த வேறுபாடு முக்கியம்: வாளியை விளிம்புவரை நிரப்பாதே என்பதுதான் அங்கே அறிவுரை. பன்றிக்கு ஊற்றுவதையும் ‘ஸ்லாப்’ என்பார்கள்; அது கழுநீர். ‘ஸ்லாப்பி’யான வேலை, அரைகுறை வேலை.

செயற்கை நுண்ணறிவு கொட்டிக் குவிக்கும் தரமற்ற படங்களுக்கும் எழுத்துக்கும் இப்போது ‘ஸ்லாப்’ என்றுதான் பெயர். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2025ஆம் ஆண்டின் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு ‘ஏஐ குப்பை’ பொருந்தும். உங்கள் கையேட்டில் ‘குப்பை’ எங்குமே வேண்டாம். கப்பலில் குப்பைக்குத் தனி விதிகளும் தனிப் பதிவேடும் இருக்கின்றன. அச்சுக்கு அனுப்பும் முன், எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடம் தொட்டிகள் பற்றிய பக்கங்களையாவது படிக்கக் கொடுங்கள்.