பழைய வீட்டு வீடியோ கேசட்டுகளை டிவிடிக்கு மாற்ற வேண்டும். நானே செய்யலாமா, கடையில் கொடுத்துவிடலாமா?

நான் இரண்டையும் செய்து பார்த்தவன். முதலில் கடை. பதினொரு விஎச்எஸ் கேசட்டுகளைக் கொடுத்தேன். அழகான உறைகளில் டிவிடிகளாகத் திரும்பி வந்தன. மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே டிவிடியில் திணித்திருந்தார்கள். 4.7 ஜிபி டிவிடியில் ஒரு மணி நேரம் எழுதினால் படம் நன்றாக இருக்கும், இரண்டு என்றால் பரவாயில்லை. மூன்று என்றால் யாராவது திரும்பினாலே முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. அதையும் பொறுத்துக்கொண்டேன். சில ஆண்டுகளில் இரண்டு டிவிடிகள் எந்தக் கருவியிலும் திறக்கவில்லை. வீட்டில் எழுதிக்கொள்ளும் டிவிடிகளில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் பட்டால் அது கெடும். “இன்னும் எதற்கு இந்தக் குப்பை?” என்று வீட்டில் கேட்டபோது கேசட்டுகளைத் தூக்கிப் போடாமல் இருந்தேனே, அதுதான் காப்பாற்றியது. டிவிடி போன பிறகும் நாடா ஓடியது.

ஆகவே கேசட்டைக் கணினியில் கோப்பாக எடுங்கள். ஹார்டு டிஸ்க் இரண்டில் வையுங்கள். டிவிடி வேண்டுமென்றால் அந்தக் கோப்பிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். கடையில் கொடுத்தாலும் கோப்பையே கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

நீங்களே செய்வதானால் பாதி வேலை கேசட்டை ஓட்டும் விசிஆரிடம்தான். புதிது கிடைக்காது, கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பரணிலிருந்து இறக்கிய பழைய கருவியில் ரப்பர் உருளைகள் இறுகியிருக்கும். நாடாவை இழுத்து மென்றுவிடும். எனவே எடுத்ததும் அருமையான கேசட்டைப் போடாதீர்கள். தொலைக்காட்சியிலிருந்து எப்போதோ பதிந்த, போனால் போகட்டும் என்கிற ஒன்றை முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

படம் மணல் தூவியதுபோல் தெரிந்தால், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. பஞ்சுக் குச்சி வேண்டாம், அதன் இழை ஹெட்டில் சிக்கி முறித்துவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தோலை ஹெட் உருளைமீது லேசாகப் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்க்கவே கூடாது. இதற்கு முன் மின்னிணைப்பைப் பிடுங்கிவிடுங்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

கேசட்டின் சன்னல் வழியே நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெண்பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் கருவிக்கும், அதன்வழி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதை மட்டும் பழக்கமுள்ளவர்களிடம் கொடுத்துவிடுங்கள். சுத்தமாக இருந்தால் முதுகுப் பக்கத்துச் சிறு பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் அழியாது. பிறகு ஒருமுறை முழுதாக முன்னோட்டிப் பின்னோட்டினால், ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்த நாடா தளரும்.

விசிஆரையும் கணினியையும் இணைக்க மலிவான யுஎஸ்பி கருவிகள் உண்டு. என்னைப் படுத்தியது அதுதான். பழைய நாடாவிலிருந்து வரும் சமிக்ஞையின் நேரம் சீராக இருக்காது. மலிவுக் கருவி தடுமாறிச் சில சட்டகங்களை, அதாவது ஃப்ரேம்களை, விட்டுவிடும். ஒரு மணி நேரத்தில் உதடு ஒருபக்கம், குரல் ஒருபக்கம் ஆகிவிடும். இந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்யவே டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இருக்கிறது, ஆனால் விலை அதிகம். சில பழைய டிவிடி ரெக்கார்டர்களை விசிஆருக்கும் கணினிக்கும் நடுவே வைத்தாலும் ஓரளவு சீராகும். நான் அப்படித்தான் செய்தேன். விசிஆரில் நீலத்திரை வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். சமிக்ஞை சற்றுத் தளர்ந்தாலும் படத்தை மறைத்து நீலத்தைக் காட்டும் தொல்லை அது. படத்தின் அடியில் நெளியும் மெல்லிய பட்டையைக் கண்டு பயப்பட வேண்டாம், விஎச்எஸ் இயல்பே அப்படி.

உங்களிடம் மினிடிவி (MiniDV) என்ற சிறிய கேம்கார்டர் கேசட் இருந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை. அது டிஜிட்டல் பதிவு. கேமராவிலிருந்து ஃபயர்வயர் என்ற இணைப்புக் கம்பி வழியே அப்படியே கணினிக்கு நகலெடுங்கள். மணிக்குச் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள்: மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும், விரைவுபடுத்த வழியில்லை. நான் அம்மாவை அருகில் உட்காரவைத்துக்கொண்டேன். திரையில் வருகிறவர்கள் யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல, கோப்போடு சேர்த்து எழுதிவைத்தேன். நான்காவது கேசட்டில் ஒரு சிறுமி கேமராவை விடாமல் துரத்திக்கொண்டே வருகிறாள். அவளை மட்டும் அம்மாவுக்கும் தெரியவில்லை. “யாரோ, பச்சைப் பாவாடை” என்றுதான் எழுதியிருக்கிறேன்.