பெருந்தொற்றின்போது நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்த உடனேயே இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பலாமா?

தளர்வு என்பது ஊரடங்கை ஒரே நாளில் விலக்குவதன்று. பரவும் வாய்ப்பையும் மக்களின் தேவையையும் எடைபோட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து, விளைவைப் பார்த்தபின் அடுத்ததைத் திறப்பதாகும். கரோனா கிருமி உடலில் புகுந்தபின் அறிகுறி தோன்ற 2 முதல் 14 நாள்கள் வரை ஆகலாம் என்பதாலும், அதன்பிறகே பலரும் பரிசோதனைக்குச் செல்வதாலும், இன்று வெளியாகும் எண்ணிக்கை கடந்துபோன நாள்களின் பரவலையே காட்டுகிறது. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை சற்றுத் தாமதித்தே சேலத்துத் திருமணிமுத்தாற்றில் வெள்ளமாக வருவதைப் போன்றது இது. கரையில் நிற்பவருக்கு நீர் குறைவாகத் தெரிவதால் மேலே மழை இல்லை என்றாகாது.

2020 ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலம் மாநகராட்சியில் முழு ஊரடங்கு இருந்தது. அடைப்பு நீண்டால் தினக்கூலிக்காரர் வீட்டில் அடுப்பெரியாது என்ற வாதம் நியாயமானதே. ஏற்காடு ஏரிக்கரையில் நடப்பவரைவிட, பற்றவைக்கும் சுடர் அலையக் கூடாதென்று காற்றாடியை நிறுத்திவிட்டு ஒரே அறையில் நெருங்கி அமரும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளருக்கே ஆபத்து அதிகம். ஆனாலும், பிழைப்பைக் கருதினால், சன்னல்களைத் திறந்து, ஆள்களைக் குறைத்து, முதலில் இயங்க விட வேண்டியது அந்தப் பட்டறையே என்பேன்.

தடுப்பூசி போட்டவர் நோயைப் பரப்பவே மாட்டார் என்று பலர் எண்ணுகிறார்கள். தடுப்பூசி கடுமையான பாதிப்பையும் இறப்பையும் பெரிதும் குறைக்கிறதே தவிர, தொற்றை முழுமையாகத் தடுப்பதில்லை.