வாசகர் கேள்வி–பதில்: காட்டில் கண் எதைத் தேட வேண்டும்?

கேள்வி: சென்ற டிசம்பரில் எங்கள் காரிலேயே தென்னாப்பிரிக்காவின் ஹ்லூஹ்லூவே–இம்ஃபொலோசி வனவிலங்குக் காப்பகத்தைச் சுற்றி வந்தோம். நாள் முழுவதும் இம்பாலா மான்களும் சில வரிக்குதிரைகளும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. ஜூலை விடுமுறையில் வழிகாட்டியுடன் சென்றால் சிங்கத்தையும் காண்டாமிருகத்தையும் பார்க்க முடியுமா? பிள்ளைகளுக்கு என்ன சொல்லி அழைத்துச் செல்லலாம்?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: பார்த்தே தீருவீர்கள் என்று எந்த வழிகாட்டியும் உறுதி கூற மாட்டார், ஆனால் ஜூலை உங்களுக்குச் சாதகமான மாதம். அங்கே டிசம்பர் மழைக்காலம், புல் உயர்ந்து, புதர் அடர்ந்து, எங்கும் நீர் கிடைப்பதால் விலங்குகள் சிதறிக் கிடக்கும். ஜூலைக் குளிர்காலத்தில் புதர்கள் இலை உதிர்த்து வெளிவாங்கி நிற்க, நீர் எஞ்சியிருக்கும் ஆற்றோரங்களுக்கு அவை தாமாகவே வந்து சேரும். முகாமில் தங்கி, விடியற்காலையில் புறப்படும் திறந்த வண்டியில் இடம் பிடியுங்கள். கம்பளியை மறக்க வேண்டாம்.

சென்ற முறை நீங்கள் கடந்து சென்ற அந்த இம்பாலா மான்கள்தாம் காட்டின் காவலாளிகள். ஒரு பயணத்தில் எங்கள் வழிகாட்டி, மேய்ச்சலை நிறுத்திவிட்டு ஒரே திசையை வெறித்துக்கொண்டிருந்த மான்கூட்டத்தைக் கண்டு வண்டியின் இயந்திரத்தை அணைத்தார். மான்கள் சீறுவதுபோல் ஒலியெழுப்ப, கால் மணி நேரம் பொறுத்திருந்த பின்னரே ஓடைக்கரையிலிருந்து சிறுத்தை எழுந்து நடந்தது. ஆகவே விலங்கைத் தேடாமல், மற்ற விலங்குகள் எதைப் பார்க்கின்றன என்று கவனிக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். புதரின் மேற்பரப்பில் பார்வையை நிறுத்தாமல் அதனூடே பார்க்க வேண்டும். மரங்களெல்லாம் நெடுக்காக நிற்கும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு தெரிந்தால், அது எருமையின் முதுகாக இருக்கலாம்.

காண்டாமிருகத்தைப் பொறுத்தவரை சாணக்குவியலே நல்ல தடயம். கறுப்புக் காண்டாமிருகம் குச்சிகளைச் சாய்வாகக் கடித்துத் தின்னும். அந்தத் துண்டுகளைச் சாணத்தில் காணலாம். அகன்ற வாயுடைய வெள்ளைக் காண்டாமிருகம் தலை தாழ்த்திப் புல் மேய்வதால் அதன் சாணத்தில் புல்தான் இருக்கும். 1895 ஆம் ஆண்டில் இந்தக் காப்பகம் அறிவிக்கப்பட்ட காலத்தில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் 100-க்கும் குறைவாகவே, இந்த ஒரே வட்டாரத்தில் எஞ்சியிருந்தன என்பதையும், 1960-களில் வனப் பாதுகாவலர் இயன் பிளேயரும் அவருடைய குழுவினரும் இங்கிருந்துதான் அவற்றைப் பிற காப்பகங்களுக்குக் கொண்டு சென்றார்கள் என்பதையும் வண்டியில் ஏறும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அப்போது, முதுகில் உண்ணி கொத்தும் பறவைகளோடு ஒரு காண்டாமிருகம் சாலையைக் கடப்பதை அவர்கள் வேறு கண்களால் பார்ப்பார்கள்.

வண்டியில் எழுந்து நிற்க விடாதீர்கள். அமர்ந்திருக்கும் மனிதர்களையும் வண்டியையும் விலங்குகள் ஒரே உருவமாகப் பார்த்துப் பழகியவை. எழுந்து நிற்பவரின் உருவம் தனித்துத் தெரிந்து அவற்றை மிரளச் செய்யும்.

கேள்வி: எடுத்த படங்களை உடனே நண்பர்களுக்கு அனுப்பலாமா?
— ஒரு வாசகர், பீனிக்ஸ்

பதில்: மற்ற விலங்குகளின் படங்களை அனுப்பலாம். காண்டாமிருகத்தின் படத்தை அனுப்புவதானால், கைபேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு, ஊர் திரும்பிய பின் அனுப்புங்கள். எந்தச் சாலை, எந்த நீர்நிலை என்று எழுத வேண்டாம். கொம்புக்காகக் கொல்லும் வேட்டைக்காரர்களுக்கு அந்த ஒரு வரியே போதும்.