மகளிடம் நின்றால் மகன் நினைவு

கேள்வி: 31-வது வாரத்தில் எனக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து ஆறு நாள் ஆகிறது. மகன் 1,420 கிராம், மகள் 1,180 கிராம். மகன் தானாக மூச்சு விடுகிறான். மகளுக்கு இன்னும் மூச்சுக்கு உதவும் சீபேப் கருவி மாட்டியிருக்கிறது. எடையும் 1,080-க்கு இறங்கிவிட்டது. ஒரு தடவை பீய்ச்சினால் 20 மில்லி பால்தான் வருகிறது. மகளிடம் நின்றால் மகனை விட்டுவிட்டேனோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. "பச்சை உடம்போடு அலையாதே, நீ தொட்டால் கிருமி தொற்றும்" என்கிறார் மாமியார். எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்றும் உறவில் பேசிக்கொள்கிறார்கள். நான் என்ன செய்ய?
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அந்தக் கடைசிப் பேச்சை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை பிழைக்காது என்பது சுத்தத் தவறு. வயிற்றில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம்தான். 31 வாரத்தில் பிறந்து நல்ல கவனிப்பு கிடைக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாக வீடு திரும்புகிறார்கள்.

முதல் வாரத்தில் பத்து சதவீதம் வரை எடை இறங்குவது வழக்கம்; உடம்பில் இருந்த கூடுதல் நீர் வெளியேறுகிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு வந்துவிடுவார்கள். சீபேப் கருவி, மெல்லிய அழுத்தத்தோடு மூக்கு வழியாகக் காற்றை விட்டு, நுரையீரலின் சிறு அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரித்து வைக்கிறது, அவ்வளவுதான். மூச்சு விடுவது உங்கள் மகளேதான்.

பாலைப் பற்றி. இந்த எடையில், ஆறாம் நாளில், ஒரு வேளைக்குக் கொஞ்சம்தான் ட்யூப் வழியாகக் கொடுப்பார்கள். உங்கள் 20 மில்லி இன்றைக்கு இரண்டு பேருக்கும் பெரும்பாலும் போதும். ஆனால் முழுப் பாலுக்கு வரும்போது கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி தேவைப்படும். இருவருக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 400. அதனால் இப்போதே இரவும் பகலுமாக எட்டுத் தடவையாவது பீய்ச்சுங்கள். இரவு வேளையை விடாதீர்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அப்போதுதான் அதிகம். குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு பீய்ச்சினால் கூடுதலாக வரும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடும் ஒழுங்கு 34 வாரம் வாக்கில்தான் கூடிவரும். அதுவரை ட்யூப், அப்புறம் பாலாடை (பால் புகட்டும் சங்கு), அப்புறம் மார்பு.

மாமியாரின் கவலை அன்பினால் வந்தது. அவரிடம் இதைச் சொல்லுங்கள்: வளையல், மோதிரத்தைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய அம்மாவின் கை ஆபத்தானது அல்ல. நெஞ்சோடு தோல் படக் குழந்தையை அணைத்து வைக்கும் கங்காரு முறையை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கார் ரே என்ற மருத்துவர் தொடங்கினார். அங்கே இன்குபேட்டர் போதவில்லை. அந்த அணைப்பு கிருமித் தொற்றைக் குறைக்கிறது என்று பிறகு ஆய்வுகள் காட்டின. நாளுக்கு 8 மணி நேரமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மகனுக்கு இன்றே தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் கணவரும் சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் கூச்சப்பட்டு நின்ற அப்பாக்கள், மூன்றாம் நாள் நர்ஸ் கேட்டாலும் குழந்தையைத் தர மனமில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் மகனோடு இருக்கும் நேரத்தில் நீங்கள் மகளிடம் போங்கள். சீபேப் இருந்தாலும் சில பிரிவுகளில் கங்காருவுக்கு விடுவார்கள். விடாவிட்டால், தடவாதீர்கள், தடவல் அந்த மெல்லிய தோலுக்குத் தொந்தரவு. ஒரு கையைத் தலையிலும் இன்னொரு கையைப் பாதங்களிலும் அசையாமல் வையுங்கள். விறைத்து விரிந்திருக்கும் விரல்கள் கொஞ்ச நேரத்தில் மடங்கும். அது அவள் உங்களுக்குச் சொல்லும் பதில். மானிட்டர் கத்தும்போது திரையைப் பார்க்காமல் அவள் முகத்தின் நிறத்தைப் பாருங்கள். மற்றதை நர்ஸ் பார்த்துக்கொள்வார்.

நேரத்தைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டியதில்லை. இன்றைக்கு மகளுக்கு நீங்கள் அதிகம் தேவை. இன்னொரு வாரம் அது மகனாக இருக்கலாம். உங்களுக்குக் காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு, கெண்டைக்கால் வலி, நாள் முழுக்க அடங்காத அழுகை எது வந்தாலும் உடனே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மகன் முதலில் வீட்டுக்கு வந்துவிடலாம். அப்படி வந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: பிறந்த 30 நாளுக்குள் இருவருக்கும் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். உங்கள் மகள் 1,200 கிராமுக்குக் கீழே பிறந்தவள் என்பதால் அவளுக்கு இன்னும் முன்பே, இரண்டு மூன்று வாரத்திலேயே செய்வார்கள். தேதியை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.