மனித சமூகத்துக்கும் இயற்கைச் சூழலுக்கும் உள்ள உறவை ஆராய எங்கிருந்து தொடங்குவது?

புவியியல் முதுகலை ஆய்வேட்டுக்காகச் சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய் ஒன்றின் கரையில் ஓராண்டு அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே ஒரு நீர்நிலையை எடுத்துக்கொண்டு, அதன் மடையைத் திறப்பவர் யார், திறக்கச் சொல்பவர் யார் என்று கேட்டுத் தொடங்குங்கள்.

நான் அப்படித் தொடங்கவில்லை. மழை குறைந்ததால்தான் கண்மாய் வறண்டது என்ற முடிவோடு மழைப் பதிவேடுகளைப் புரட்டினேன். அவற்றில் அத்தகைய தொடர் சரிவு எதுவும் தென்படவில்லை. நல்ல மழை பெய்த ஆண்டுகளிலும் நீர் வந்து சேராமல் போனதற்குக் காரணம், வரத்துக்கால் தூர்ந்து சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததுதான். அதை ஏன் யாரும் வெட்டவில்லை என்று கேட்டபோதுதான் என் ஆய்வு உண்மையில் தொடங்கியது.

முன்பெல்லாம் ஊரே ஒற்றுமையாகக் குடிமராமத்து, அதாவது நீர்நிலைகளைத் தானே கூடிப் பராமரிக்கும் வேலை, செய்தது என்பார்கள். அது பாதி உண்மையே. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரியைக் கவனிக்கும் ஊர்க்குழுவான ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஆனால் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படக் கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இறைநிலம், அதாவது வரி கட்டும் நிலம், இருக்க வேண்டும் என்றும் அவையே விதிக்கின்றன. சென்னை மாகாணத்தில் இத்தகைய பராமரிப்பு வேலைக்கு ஊராரைக் கட்டாயப்படுத்த 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் பார்த்த ஊரில், கிணறும் மின்மோட்டாரும் வைத்துக்கொண்ட பெரிய நிலக்காரர்களுக்குக் கண்மாய் தேவைப்படவில்லை; ஆளை அழைத்து வேலை வாங்கக்கூடியவர்களும் அவர்கள்தாம். இன்னொரு பக்கம், களத்து நெல்லைக் கூலியாகப் பெற்று மடையைக் காத்த நீர்ப்பாய்ச்சி ஒரு தலித் குடும்பத்தவர். சாவுச் செய்தி சொல்லப் போவதும் அவர் தலையில்தான் விழுந்திருந்தது. அவர் மகன் திருப்பூருக்குப் போய்விட்டார். "கண்மா கெட்டது எனக்கும் வருத்தந்தான் தம்பி. ஆனா எம்மகன் எவன் களத்துலயும் நெல்லுக்கு நிக்கல" என்றார் பெரியவர். பழைய ஏற்பாட்டை மீட்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்த என் முடிவுரையை அன்றிரவே அடித்துவிட்டேன்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன, ஆவணங்களை அதற்கேற்பத் தேடுங்கள். களப்பணிக்கு ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். நீர் வரும் நாட்களில்தான் சண்டையும் வரும். மடை யாருடையது என்பதை அப்போது எவரும் மறைத்துப் பேசுவதில்லை.