கோடை ரிப்பேர் செலவுக்கு கார்டு தேய்க்கலாமா?

கேள்வி: வருஷா வருஷம் வெயில் ஆரம்பிச்சா ஏசி, மோட்டார், மாடி விரிசல்னு செலவு வரிசையா வந்து நிக்குது. போன வருஷம் எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வச்சேன், இன்னும் திருப்பி போடல. ஏசில வேற ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் நிரப்ப வேண்டியிருக்கு. இந்த தடவை எல்லாத்தையும் கார்டுல தேய்ச்சிரவா, இல்ல இஎம்ஐல புது ஏசியே வாங்கிரவா?

பதில்: இப்போதைக்கு ரெண்டும் வேணாம்.

கோடை வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், அப்புறம் அது எப்படிங்க எமர்ஜென்சி ஆகும்? அந்த ஃபண்ட் வேலை போனா, திடீர்னு ஆஸ்பத்திரி செலவு வந்தா எடுக்கறதுக்கு. வீட்டுக்குன்னு தனியா ஒரு அக்கவுண்ட் வச்சு, போன மூணு வருஷ ரிப்பேர் பில்லை எல்லாம் கூட்டி 36-ஆல வகுத்தா என்ன வருதோ அதை சம்பளம் வந்த அன்னைக்கே அதுக்கு தள்ளி விட்ருங்க. வீட்டு மதிப்புல வருஷத்துக்கு 1 சதவீதம் ஒதுக்கணும்னு ஒரு பொது கணக்கு சொல்லுவாங்க, ஆனா நிலத்தோட விலையும் அதுல சேர்ந்துட்டா தொகை சும்மா ஊதி பெருசா தெரியும், அதனால எனக்கு பழைய பில்லு மேலதான் நம்பிக்கை.

கார்டு? டியூ தேதிக்குள்ள முழுசா கட்ட முடியும்னா தேய்ங்க. மினிமம் மட்டும் கட்டிக்கலாம்னு நினைச்சா, மாசம் 3 சதவீத வட்டிங்கறது வட்டிக்கு வட்டி சேர்ந்து வருஷத்துக்கு 42 சதவீதத்தை தாண்டிரும்.

இப்ப ஏசி. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற சமாச்சாரம் இல்ல, அது மூடின குழாய்க்குள்ளயே சுத்திட்டு இருக்கும், குறையுதுன்னா எங்கயோ லீக் இருக்குன்னு அர்த்தம். லீக்கை அடைக்காம வருஷா வருஷம் நிரப்பறது காசை காத்துல விடறதுதான், அதனால மெக்கானிக் வந்தா "லீக் எங்க இருக்குன்னு காட்டுங்க, அப்புறம் நிரப்பலாம்"னு கறாரா சொல்லுங்க. அவர் வர்றதுக்கு முன்னாடி ஃபில்டரை நீங்களே கழட்டி கழுவி காய வச்சு மாட்டுங்க, அழுக்கு அடைச்ச ஃபில்டரை சுத்தம் பண்ணாலே ஏசி இழுக்கற கரண்ட் 5-ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் குறையலாம். புது ஏசி வாங்கினா கரண்ட் பில்லுலயே காசு திரும்பிரும்னு கடையில சொல்லுவாங்க, அந்த கணக்குல பெரும்பாலும் வருஷம் முழுக்க ஏசி ஓடற மாதிரி போட்டிருப்பாங்க. நீங்க நாலு மாசம்தான் போடறீங்கன்னா காசு திரும்ப அவங்க சொல்றதை விட மூணு மடங்கு நாள் ஆகும்.

கையில இருக்கற காசு ஒரு வேலைக்குத்தான் பத்தும்னா மாடி விரிசலுக்கு போடுங்க, ஏசி காத்திருக்கட்டும். தளம் நல்லா காஞ்சு கிடக்கற இந்த வெயில்லதான் அடைக்கற மருந்து ஒழுங்கா பிடிக்கும். விட்டுட்டீங்கன்னா மழைத்தண்ணி உள்ள இறங்கி கம்பி துரு பிடிச்சு உப்பி கான்கிரீட்டையே பேத்து தள்ளிரும், அப்புறம் அது ரிப்பேர் செலவா இருக்காது, லோன் போட வேண்டிய செலவு.

மோட்டாருக்கு என்ன ஆச்சுன்னு நீங்க எழுதல. அடிக்கடி போட வேண்டியிருக்குன்னா, ராத்திரி எல்லா குழாயையும் மூடிட்டு டேங்க்ல தண்ணி மட்டத்தை குறிச்சு வைங்க, காலையில இறங்கி இருந்தா மோட்டார்காரருக்கு முன்னாடி பிளம்பரை கூப்பிடுங்க.